வரைபடக் கோட்டுக்கு அப்பால்: ஆசிய ஃபிஞ்சுகளின் பரவல் எல்லைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையேட்டில் ஒவ்வொரு பறவைக்கும் தெளிவாக நிறம் தீட்டிய வரைபடம் இருக்கிறதே, அதில் என்ன சந்தேகம்?

நிறம் தீட்டுபவர் எங்கேனும் ஓரிடத்தில் தூரிகையை நிறுத்தியாக வேண்டும். அவர் நிறுத்திய இடத்தில் பறவையும் நின்றுவிட்டது என்று பொருள் இல்லை. அவர் கையில் இருப்பவை வெறும் புள்ளிகள்: ஒரு பள்ளத்தாக்கில் எப்போதோ சுட்டெடுத்த பறவை, ஒரு கணவாயில் யாரோ பார்த்த கூட்டம், இன்னொரு மலையில் ஒலிப்பதிவான குரல். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஆளே போகாத நிலம் கிடந்தால், மலையின் உயரத்தையும் காட்டின் தன்மையையும் வைத்து ஊகித்து நிரப்புகிறார். மூன்று சென்டிமீட்டர் அகல வரைபடத்தில் 3,000 கிலோமீட்டர் நிலத்தை அடைத்தால் ஒரு மில்லிமீட்டர் என்பது 100 கிலோமீட்டர். பேனா முனையின் தடிமனுக்குள் ஒரு மாவட்டமே மறைந்துவிடும்.

தனித்து நிற்கும் ஒரு பறவைக்கு இது பெரிய குறை அல்ல. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு உறவுப் பறவைகள் அந்த வெற்றிடத்தின் இரு பக்கமும் இருக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. களத்தில் பறவை சரியாகத் தெரியவில்லை. உடனே வரைபடத்தைப் புரட்டுகிறோம். ‘இந்தப் பக்கம் இதுதானே இருக்க வேண்டும்’ என்று பெயர் எழுதிவிடுகிறோம். அப்படி எழுதிய பெயர்களைச் சேர்த்துத்தான் அடுத்த பதிப்பின் வரைபடம் உருவாகிறது. வரைபடம் பெயரைத் தருகிறது, பெயர் வரைபடத்தை உறுதி செய்கிறது. நடுவில் பறவையை யாருமே பார்க்கவில்லை. இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததற்கு இந்த ஒரு கவலைதான் காரணம்.

‘ஃபிஞ்ச் போன்ற பறவைகள்’ என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

கூம்பு வடிவில் குட்டையான, தடித்த அலகால் விதையை உடைத்துத் தின்னும் சிறு பறவைகளை. உண்மையான ஃபிஞ்ச் குடும்பத்தில் ரோஸ்ஃபிஞ்ச், பச்சை ஃபிஞ்ச், மலை ஃபிஞ்ச், குரோஸ்பீக் ஆகியவை அடங்கும். பன்டிங்குகள், சில்லைகள், சிட்டுக்குருவிகள் எல்லாம் வேறு குடும்பங்கள். உண்ணும் உணவு ஒன்றாக இருப்பதால் அலகும் ஒன்றுபோல் ஆகிவிட்டது. எல்லைச் சிக்கலும் எல்லாவற்றுக்கும் பொது என்பதால் சேர்த்தே பேசுகிறேன்.

மற்றப் பறவைகளைவிட இவற்றில் ஏன் இத்தனை குழப்பம்?

பெண் பறவைகளால். ஆண் ரோஸ்ஃபிஞ்சின் சிவப்பையும் புருவக்கோட்டையும் பார்த்து ஓரளவு பெயர் சொல்லிவிடலாம். பெண்ணுக்கும் இளம் பறவைக்கும் பழுப்பு உடல், அதன்மேல் கீற்றுகள், அவ்வளவுதான். ஒரு கூட்டத்தில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும்.

ஒரு தை மாதத்தில் வடக்குக் கர்நாடகத்தில், சோளம் அறுத்த காட்டு வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். நாற்பது ஐம்பது பன்டிங்குகள் தாள்களுக்கு நடுவே இறங்கி மேய்ந்தன. மூன்று ஆண்களுக்குத் தலையில் கருமை எட்டிப் பார்த்தது. அவை கருந்தலை பன்டிங். மீதி எல்லாம் வைக்கோல் நிறம். கருந்தலைப் பெண் என்றால் முதுகிலும் பிட்டத்திலும் லேசான செம்பழுப்புச் சாயல் இருக்க வேண்டும்; செந்தலை பன்டிங்கின் பெண் என்றால் பிட்டத்தில் பசுமஞ்சள் தெரிய வேண்டும். நூல் இதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. வெயிலில் வெளுத்து, இறகு நுனி தேய்ந்த பறவை முதுகைக் காட்டாமல் தாளுக்குள் நுழைந்துவிட்டால் அந்த வரியால் பயன் இல்லை. மூன்று ஆண்களை வைத்துக் கூட்டம் முழுவதையும் ‘கருந்தலை’ என்று எழுதிவிட்டு வந்தேன். அந்தக் குறிப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் அடிக்கடி பார்க்கக்கூடிய உதாரணம் உண்டா?

உண்டு, நெல்வயலிலேயே. கறுப்புத் தலை, செம்பழுப்பு முதுகு, பக்கங்களில் பளிச்சென்ற வெள்ளை, வயிற்றின் நடுவே கறுப்பு: இது மூவண்ணச் சில்லை. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் நாடு. இந்த வெள்ளை இருக்க வேண்டிய இடத்திலும் செம்பழுப்பே இருந்தால் அது செம்பழுப்புச் சில்லை. இமயத்தின் அடிவாரச் சமவெளி, வடகிழக்கு இந்தியா தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருப்பது இது.

நெடுங்காலம் இரண்டையும் ஒரே இனமாகத்தான் நூல்கள் சேர்த்து வைத்திருந்தன. அதனால் பழைய குறிப்புகளில் ‘கருந்தலைச் சில்லை, இருபது’ என்று மட்டும் இருந்தால் எது என்று இன்று சொல்ல வழியே இல்லை. பார்த்தவர் பக்க நிறத்தை எழுதவில்லை, எழுத வேண்டிய தேவையும் அன்று இருக்கவில்லை. தெற்கிலும் வடகிழக்கிலும் சந்தேகம் எழாது. இரண்டுக்கும் இடையில் கிடக்கும் நடு இந்தியாவிலும் கிழக்குக் கரையிலும்தான் ஒவ்வொரு கூட்டத்தையும் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. இளம் பறவைகள் இரண்டிலும் தலை முதல் வால் வரை ஒரே மங்கல் பழுப்பு. அவற்றை மட்டும் பார்த்தால் பெயர் வைக்காமல் விடுவதே முறை.

மூவண்ணச் சில்லையின் அறிவியல் பெயரில் ‘மலாக்கா’ இருக்கிறது. பறவையோ தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. 1766இல் லின்னேயஸ் பெயர் சூட்டியபோது கப்பலில் வந்த பறவை எந்தத் துறைமுகத்தைச் சேர்ந்தது என்று யாருக்குத் தெரியும்? எல்லைக் குழப்பம் பெயரிலேயே பதிந்துபோன பறவை அது.

கூண்டிலிருந்து தப்பிய பறவைகளும் எல்லையைக் குழப்புமா?

சில்லைகளில் நிச்சயமாக. நெடுங்காலமாகப் பிடித்து விற்கப்படும் பறவைகள் இவை. சாயம் பூசிக்கூட விற்றிருக்கிறார்கள். இந்தியாவில் உள்நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம், ஆனாலும் முற்றாக நின்றுவிடவில்லை. நகரத்துக்கு அருகே, வழக்கமான எல்லைக்கு வெகு தொலைவில் ஒரு சில்லையைப் பார்த்தால் வால் இறகும் நகமும் தேய்ந்திருக்கின்றனவா, ஆளைக் கண்டு மிரளாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். புதிய எல்லை என்று அறிவிக்க அவசரம் வேண்டாம்.

கிழக்கு இமயமலையில் ஏன் எப்போதும் கேள்விக்குறி?

நிலத்தின் அமைப்பே அப்படி. சாங்போ ஆறு தென்கிழக்குத் திபெத்தில் மலையைச் சுற்றித் திரும்பிப் பிரம்மபுத்திராவாக இறங்குகிறது. அதற்குக் கிழக்கே சால்வீன், மேகாங், யாங்சி ஆகிய மூன்றும் அருகருகே ஆழமான பள்ளங்களில் ஓடுகின்றன. உயரத்தில் வாழும் ஒரு ஃபிஞ்சுக்கு இந்தப் பள்ளங்கள் வெப்பக்காடு நிரம்பிய அகழிகள். முகடுகளில் பிரிந்து நின்ற கூட்டங்கள் நாளடைவில் வேறு வேறு பறவைகளாகிவிட்டன. மனிதன் கிழித்த எல்லைகளும் அங்கேயே குவிந்திருப்பதால் ஒருவர் ஒரு பக்கத்து முகட்டையும் மறுபக்கத்து முகட்டையும் ஒரே பருவத்தில் பார்ப்பது அரிது.

அதனால்தான் இணை இணையாகப் பிரிவுகள் வருகின்றன. வெண்புருவ ரோஸ்ஃபிஞ்ச் என்று ஒன்றாக இருந்தது இமய இனம், சீன இனம் என இரண்டாயிற்று. புள்ளிச்சிறகு ரோஸ்ஃபிஞ்ச் இமயத்தில், அதன் உறவான ஷார்ப் ரோஸ்ஃபிஞ்ச் தென்மேற்குச் சீனத்தில். மஞ்சள்மார்புப் பச்சை ஃபிஞ்ச் இமயத்தில், கருந்தலைப் பச்சை ஃபிஞ்ச் யுன்னானிலும் அதைச் சுற்றியும். எல்லாவற்றுக்கும் கோடு விழும் இடம் ஏறக்குறைய அதே தென்கிழக்குத் திபெத், வடக்கு மியான்மர் பகுதிதான்.

அழகிய ரோஸ்ஃபிஞ்சின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தென்கிழக்குத் திபெத்தில் வாழும் ஒரு வடிவத்துக்கு 1905இல் ‘வால்டோனி’ என்று பெயரிட்டார்கள். பிறகு அது அழகிய ரோஸ்ஃபிஞ்சின் ஓர் உள்ளினமாகவே எண்ணப்பட்டது. தோற்றம் அப்படி. ரோஸ்ஃபிஞ்சுகள் அனைத்தின் மரபணுவையும் ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வெளியானபோது, வால்டோனி உறவு கொண்டாடியது அழகிய ரோஸ்ஃபிஞ்சோடு அல்ல, ‘ஈயோஸ்’ என்று 1930இல் பெயர் பெற்ற இளஞ்சிவப்புப் பிட்ட ரோஸ்ஃபிஞ்சோடு என்று தெரிந்தது. இரண்டையும் ஒரே இனமாக்கினார்கள். பழைய பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. ஆகவே இனம் முழுவதற்கும் வால்டோனி என்ற பெயர் போய்ச் சேர்ந்தது. அதே ஆய்வின் தொடர்ச்சியாக வடக்குச் சீனத்து அழகிய ரோஸ்ஃபிஞ்சும் ‘டேவிடியானஸ்’ என்று தனி இனமாயிற்று.

பறவை ஒன்றுகூட இடம் மாறவில்லை. ஆனால் மூன்று பறவைகளின் வரைபடங்களை அழித்து மறுபடி வரைய வேண்டியதாயிற்று.

ஒரு பறவை முழுவதுமே வேறொன்றின் எல்லைக்குள் ஒளிந்திருந்தது உண்டா?

இந்தத் துறையில் என்னை மிகவும் உலுக்கிய கதை அது. 1929 செப்டம்பரில் நெதர்லாந்தின் காரகோரம் பயணக்குழு திபெத்தியப் பீடபூமியின் மேற்குப் பகுதியில், குஷ்கு மைதான் என்ற இடத்தில், கடல்மட்டத்துக்கு 5,000 மீட்டருக்கும் மேலே முகாமிட்டிருந்தது. குழுவில் இருந்த சிலெம் என்பவர் அங்கே இரண்டு ஃபிஞ்சுகளைச் சேகரித்தார். ஒன்று வளர்ந்த ஆண், மற்றது இளம் பறவை. அந்த உயரத்தில், அந்தப் பகுதியில் எது இருக்க வேண்டும்? பிராண்ட் மலை ஃபிஞ்ச். உடலோடு கட்டும் அடையாளச் சீட்டில் அதையே எழுதினார்கள். பாடம் செய்த இரண்டு உடல்களும் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியக இழுப்பறைக்குள் போயின.

அறுபத்து மூன்று ஆண்டுகள் அங்கேயே கிடந்தன. ரோசலார் என்ற பறவையியலாளர் அவற்றை உற்றுப் பார்த்து, இது பிராண்ட் மலை ஃபிஞ்ச் அல்ல, அறிவியலுக்கே புதிய இனம் என்று 1992இல் எழுதினார். சிலெமின் பெயரையே சூட்டினார். அதன் பிறகும் உயிருள்ள பறவையை இன்னதென்று அறிந்து பார்த்தவர் எவரும் இல்லை. 2012இல் யான் முசிக்கா என்பவர் சீனாவின் சிங்காய் மாகாணத்தில், யெனியுகோ பள்ளத்தாக்கில் அதைப் படம் எடுத்தார். முதலில் கிடைத்த இடத்துக்கும் இதற்கும் நடுவே சுமார் 1,500 கிலோமீட்டர்!

அதோடும் முடியவில்லை. 2016இல் வெளியான மரபணு ஆய்வு, இது மலை ஃபிஞ்சே அல்ல, திபெத்திய ரோஸ்ஃபிஞ்சின் நெருங்கிய உறவு என்று காட்டியது. உடலில் ரோஜா நிறமே இல்லாத ஒரு ரோஸ்ஃபிஞ்ச்.

இப்போது இதன் பரவல் வரைபடத்தை நீங்கள் எப்படி வரைவீர்கள்? இரண்டு புள்ளிகளை இணைத்து நடுவே நிறம் தீட்டுவீர்களா, இல்லை தனித்தனியே இரண்டு பொட்டுகள் வைப்பீர்களா? எதைச் செய்தாலும் அது உங்கள் ஊகம்தான்.

அருங்காட்சியகச் சீட்டில் எழுதியிருப்பதை நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம், நம்பித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரு பெரிய விதிவிலக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். கர்னல் ரிச்சர்ட் மைனர்ட்சாகன் ஆசியப் பறவைகளை ஏராளமாகச் சேர்த்து பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அளித்தவர். அவர் பிறருடைய பறவைகளைத் திருடி, இடமும் தேதியும் மாற்றிப் புதிய சீட்டு கட்டியிருந்தார் என்பது பின்னாளில் நிரூபணமானது. 1993இல் ஆலன் நாக்ஸ் இதை வெளிப்படுத்தியது ஒரு ஃபிஞ்சை வைத்தே. ரெட்போல் என்ற சிறு பறவையின் உடல்களில் பாடம் செய்த பாணியும் சீட்டில் இருந்த கதையும் பொருந்தவில்லை. பமீலா ராஸ்முசனும் ராபர்ட் பிரிஸ்-ஜோன்ஸும் மற்ற ஆசியப் பறவைகளில் இதே சோதனையைத் தொடர்ந்தார்கள். தையல், உள்ளே திணித்த பஞ்சு, கால் கட்டிய விதம் ஆகியவை ஒருவரின் கையெழுத்தைப் போல. சீட்டை மாற்றலாம், தையலை மாற்ற முடியாது.

இதே மனிதர்தான் 1937இல் ஆப்கானிஸ்தான் பனி ஃபிஞ்சை முதன்முதலாக விவரித்தார். அது உண்மையான, நல்ல இனம். ஒருவருடைய பதிவுகள் அனைத்தையும் ஒரே மூச்சில் தள்ளவோ கொள்ளவோ முடியாமல், ஒவ்வொரு உடலையும் தனியே சோதிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இரண்டு இனங்கள் சந்திக்கும் இடத்தில் கலந்துவிட்டால் எல்லை எங்கே?

அங்கே கோடு கிடையாது, பட்டை இருக்கிறது. முன்பு சொன்ன கருந்தலை, செந்தலை பன்டிங்குகள் வடக்கு ஈரானில், காஸ்பியன் கடலுக்குத் தென்கிழக்கே சந்தித்துக் கலக்கின்றன. கறுப்பும் செம்மையும் குழம்பிய தலையோடு ஆண்கள் அங்கே பாடுகின்றன. கோல்டுஃபிஞ்சிலும் அப்படியே: மேற்கே தலையில் கறுப்பு கொண்டவை, கிழக்கே நரைத்தலை கொண்டவை, ஈரானிலும் தெற்குச் சைபீரியாவிலும் இடைப்பட்டவை.

மேற்குச் சைபீரியாவின் மஞ்சள் பன்டிங், பைன் பன்டிங் இணை இன்னும் வியப்பானது. ஒன்றின் தலை மஞ்சள், மற்றதன் முகத்தில் செம்பழுப்பும் வெள்ளையும். குழந்தைகூடப் பிரித்துச் சொல்லும். ஆனால் தாய்வழி மட்டுமே கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரிய மரபணு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே என்று 2009இல் தெரிந்தது. பழங்காலக் கலப்பில் ஒன்றின் மரபணு மற்றதற்குள் பரவி, பழையதை அகற்றிவிட்டது. ஆகவே ‘மரபணுவைச் சோதித்தால் எல்லை தெரிந்துவிடும்’ என்று யாரேனும் சொன்னால், எந்த மரபணுவை என்று கேளுங்கள்.

எல்லையே இல்லாமல் போனதும் உண்டா?

உண்டு. வடதுருவத்தைச் சுற்றிய நாடுகளில், ஆசியாவின் வடக்கிலும் வாழும் ரெட்போல்களை இரண்டு மூன்று இனங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். வெளிறியது, கீற்று மிகுந்தது என்ற அந்த வேறுபாடு பெரும்பாலும் ஒரே குரோமோசோமில் தலைகீழாகத் திரும்பிய ஒரு துண்டால் வருவது என்று 2021இல் காட்டினார்கள். 2024இல் பறவையினங்களின் முக்கியப் பட்டியல்கள் ரெட்போல்கள் எல்லாவற்றையும் ஒரே இனமாக்கின.

குளிர்காலத்தில் எல்லை மாறுமா?

மாறும். கோடையில் 4,000 மீட்டரில் இருக்கும் ரோஸ்ஃபிஞ்ச் பனி விழுந்ததும் 2,000 மீட்டருக்கு இறங்கிவிடும். கோடையில் தனித்தனி முகட்டில் இருந்த இரண்டு உறவுகளும் ஒரே பள்ளத்தாக்கின் புதரில் மேயும். குளிர்காலப் பதிவை வைத்து இனப்பெருக்க எல்லையைச் சொல்வது இதனால்தான் தவறு. தேதி இல்லாத பதிவு பாதிப் பதிவுகூட இல்லை.

சில இடங்களில் எல்லை நிலத்தில் இல்லை, நாள்காட்டியில் இருக்கிறது. மத்திய ஆசியாவில் வீட்டுச் சிட்டுக்குருவியின் ஓர் உள்ளினம் வலசை போகும். வடமேற்கு இந்தியா வரை வந்து குளிர்காலத்தைக் கழிக்கும். கசகஸ்தானில் ஆண்டு முழுதும் தங்கும் சிட்டுகள் கூடு கட்டத் தொடங்கிய பிறகே இவை திரும்பி வந்து சேர்கின்றன. ஒரே ஊரில் இருந்தும் பெரிதும் கலப்பதில்லை.

எல்லைக்கு அருகில் ஒரு ஃபிஞ்சைப் பார்த்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

எந்த இரண்டில் ஒன்று என்ற கேள்வியை முதலில் முடிவு செய்துகொண்டு, அவற்றைப் பிரிக்கும் உறுப்பை மட்டும் தேடுங்கள். மேற்கு இமயத்தில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு பெரிய குரோஸ்பீக் ஊசியிலை மர உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு இனங்கள் அங்கே உண்டு. எல்லோரும் தலையையும் முதுகையும் படம் எடுப்பார்கள். நீங்கள் தொடையைப் பாருங்கள். கால் தொடங்கும் இடத்து இறகு கறுப்பானால் கறுப்பு மஞ்சள் குரோஸ்பீக், மஞ்சளானால் கழுத்துப்பட்டை குரோஸ்பீக். பின்னதன் கறுப்பில் மெருகு இருக்கும், முன்னதில் மங்கல். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தொடை நன்றாகவே தெரியும் என்பது நம் அதிர்ஷ்டம். ஆண்களுக்கு மட்டுமே இந்த விதி.

மற்றபடி பிட்டமும் வாலின் அடிப்பக்கமும் தெரியும்படி ஒரு மோசமான படம், முகம் மட்டும் தெரியும் நல்ல படத்தைவிட மேல். உயரத்தை எழுதுங்கள். எதைத் தின்றது என்று எழுதுங்கள். கைப்பேசியில் அரை நிமிடம் குரலைப் பதியுங்கள். குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்காதீர்கள், கூடு கட்டும் பருவத்தில் அது பறவையை அலைக்கழிக்கும்.

பட்டியலுக்குப் பட்டியல் இனங்களின் எண்ணிக்கை மாறுகிறதே, எதைப் பின்பற்றுவது?

பல ஆண்டுகளாக மூன்று நான்கு உலகப் பட்டியல்கள் தனித்தனியே இயங்கின. 2025இல் ‘அவிலிஸ்ட்’ என்ற பொதுப் பட்டியல் வந்திருக்கிறது. எதைப் பின்பற்றினாலும் அதன் பெயரையும் ஆண்டையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். பிறகு வருபவருக்கு அது போதும்.

உறுதியில்லாத பழைய பதிவைத் திருத்தலாமா?

திருத்த வேண்டும். பறவை பார்ப்பவர்கள் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்ட் இணையதளத்தில் ‘கருந்தலை அல்லது செந்தலை பன்டிங்’ என்று இரண்டையும் சேர்த்துப் பதிய இடம் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். அந்தப் பதிவு சொல்வது முழு உண்மை: இந்த இடத்தில், இந்த நாளில், இந்த இரண்டில் ஒன்று இருந்தது.

சோளக்காட்டுப் படங்களைச் சென்ற மாதம் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் ‘கருந்தலை’ என்று எழுதிய பெண்களில் ஒன்று தாளில் திரும்பி உட்கார்ந்திருந்தது. பிட்டத்தில் பசுமஞ்சள். இன்னும் நான்கில் எதுவும் தெளிவாக இல்லை, மற்றவை படத்திலேயே இல்லை. கருந்தலை மூன்று, செந்தலை ஒன்று, இரண்டில் ஒன்று நாற்பது என்று பதிவை மாற்றிவிட்டேன். குறிப்பேட்டிலும் பழைய வரியை அழிக்காமல், பக்கத்தில் தேதியோடு எழுதியிருக்கிறேன்.